ஊதா பாட்டில்

"அப்பா...!"

காலை பத்து மணி. அந்த அலறலில் ஆய்வுக்கூடத்தின் மூன்றாவது மாடியே உறைந்தது.

கதவிடுக்கெல்லாம் ரப்பர் வைத்து அடைத்த சின்ன அறை. தரையில் பேராசிரியர். உயிர் இல்லை! மூலையில் நைட்ரஜன் சிலிண்டர் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது.

அலறியவள் அவருடைய மகள். அங்கேயே ஆராய்ச்சி மாணவி.

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். பார்வையே ஆளைத் துளைக்கும் பெண்மணி.

"வால்வைக் கடைசியா தொட்டது யாரு?"

"நான்தான் மேடம்... ஏழு மணிக்கு. மூடினேன்னுதான் நினைச்சேன்..."

"ஏழரைக்கே உஸ்ஸுன்னு கேட்டுச்சு மேடம்," என்றார் சித்தப்பா. பேராசிரியரின் தம்பி. சிலிண்டர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "வழக்கமான சத்தம்னு விட்டுட்டேன். எட்டு மணிக்கு அண்ணன் உள்ள போனாரு. நைட்ரஜன் ரொம்பி மூச்சடைச்சிருக்கு. அழாதம்மா... மறதிதானே!"

ஆறுதலாம்! கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டுத் தலையைத் தடவினார் மனிதர்.

இன்ஸ்பெக்டரின் பேனா 'அலட்சியம்' என்று எழுதியது.

அப்பாவை நானே கொன்னுட்டேனா...? பாவம், அந்தப் பெண் துடித்துப் போனாள்.

அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது... மேஜையில் மூடி திறந்த ஊதா பாட்டில்! உள்ளே, கந்தகம் தின்று வெளிச்சத்தில் வளரும் பாக்டீரியா. விளக்கு எரிந்தது. ஆனால் பக்கத்துக் கருவியில் வளர்ச்சிக் கோடு எட்டு மணியிலிருந்து படுத்துக் கிடந்தது.

"மேடம்... எங்கேயோ இடிக்குது!"

"என்ன?"

"இதுங்களுக்கு ஆக்ஸிஜன் ஆகாது. அது பட்டா வளராம ஸ்ட்ரைக்தான்! ரூம் முழுக்க நைட்ரஜன் இருந்திருந்தா ஜோரா வளந்திருக்கணும்."

"அப்ப எட்டு மணிக்கு இங்க..."

"நல்ல காத்து இருந்திருக்கு மேடம்! அதுல அப்பா எப்படி மூச்சடைச்சு சாவாரு?"

"கதவைத் திறந்தப்ப காத்து பூந்திருக்கும்!" சித்தப்பா பாய்ந்தார்.

"திறந்தது பத்துக்கு. கோடு படுத்தது எட்டுக்கு," என்றாள் மகள்.

இன்ஸ்பெக்டர் சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"வேற எங்கயோ மூச்சை நிறுத்தி, எட்டுக்கு இங்க கொண்டாந்து போட்டிருக்கீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "வேலை பாத்த மாதிரி பாட்டிலைத் திறந்து வெச்சீங்க. இதுவரைக்கும் கோடு ஏறலைன்னா, வால்வைத் திறந்தது பத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான். இல்லாத உஸ்ஸு உங்க காதுக்கு மட்டும் எப்படி சார் கேட்டுச்சு?"

மகள் உடைந்து அழுதாள். "சிலிண்டரைச் சோதிக்காமலே கையெழுத்து போடறீங்கன்னு அப்பா இன்னிக்கு டைரக்டர்கிட்ட சொல்றதா இருந்தாரு... அதுக்காகவா சித்தப்பா? பழி என் தலையிலயா?"

"பாட்டிலா சாட்சி சொல்லும்? அதான் செத்துப்போச்சே!"

"சாகல. காத்தை எடுத்தா மறுபடி எந்திரிக்கும். எங்கப்பாதான் எந்திரிக்க மாட்டாரு!"

க்ளிக்! விலங்கு பூட்டிக்கொண்டது.

"வாங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "காத்து பட்டா இதுங்க கப்சிப். எங்க ஸ்டேஷன் காத்து பட்டா நீங்க கடகடன்னு கொட்டிடுவீங்க!"