சம்பந்தியம்மா சுமந்த வரைபடம்

“இப்பவே சொல்லிட்டேன். ரெண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டேன்!” என்று இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கத்தினான் கருணாகரன்.

“அப்ப நாங்க அடியில இருந்தா?” என்றாள் அவன் மனைவி நாகஜோதி.

“நீந்தியே வீட்டுக்கு வந்து சேரு. உனக்கு என்ன, புதுசா?”

அந்தமானின் ஒரு சின்னத் தீவை விட்டு ஃபைபர் படகு மேற்கே விரைந்தது. கிழக்கே வெயில் அடித்தாலும் தென்மேற்கில் மேகம் திரண்டிருந்தது. நாளைக் காலை துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு பருவமழை முடியும்வரை, சில மாதங்களுக்குச் சின்னப் படகுகள் கடலுக்குள் போக முடியாது. எதைச் செய்வதானாலும் இன்றைக்கே செய்தாக வேண்டும்.

படகின் நடுவில் உட்கார்ந்து காற்று சிலிண்டர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த யாமினி, சென்னையிலிருந்து வந்த கடல் ஆராய்ச்சியாளர். போன வருடம் ஆனைத் திருக்கை என்ற பெரிய தட்டை மீன் ஒன்றின் முதுகில் விரல் நீளக் கருவி ஒன்றைப் பொருத்தியது அவள்தான். அந்தத் திருக்கை சிறகை விரித்தால் இந்தப் படகின் நீளத்துக்கு இருக்கும். வருடத்தில் மூன்று மாதம் இந்தப் பவளப்பாறைக்கு வரும். மற்ற மாதங்களில் அது எங்கே போகிறது, எந்த ஆழத்தில் இரை தேடுகிறது என்று யாருக்கும் தெரியாது. கருவிக்குத் தெரியும். பதினோரு மாதப் பயணமும் அதற்குள் பதிவாகியிருந்தது.

ஒன்பது நாட்களுக்கு முன் கருவி தானாகக் கழன்று மேலே மிதந்திருக்க வேண்டும். கழன்றது, ஆனால் மிதக்கவில்லை. எங்கோ யாரோ அறுத்துவிட்ட தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நரம்பு, திருக்கையின் வாய்க்கு இரு பக்கமும் கொம்பு போல நீண்டிருக்கும் மடல்களில் இடது கொம்பைச் சுற்றியிருந்தது. கருவி அதில் சிக்கிக்கொண்டது. முந்தாநாள் யாமினி எடுத்த புகைப்படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது.

“புதையல் கதையில எல்லாம் கையில வரைபடம் இருக்கும். அதை வெச்சு புதையலைத் தேடுவாங்க. நமக்கு வரைபடமே புதையல்” என்றாள் யாமினி.

“அதுவும் நிக்காம நீந்துற புதையல்” என்றான் கருணாகரன். “சம்பந்தியம்மா இன்னைக்கு வந்தாத்தான் உண்டு. காத்து மாறிருச்சுன்னா கிளம்பிப் போயிருவா.”

சம்பந்தியம்மா என்பது அவன் வைத்த பெயர். தேடிப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பேசாமல் காத்திருந்தால் தானாக வருவாள், வந்தால் மரியாதையில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்பது அவன் விளக்கம். யாமினியின் அறிக்கையில் அந்தத் திருக்கைக்கு ஓர் எண் இருந்தது. அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை.

நாகஜோதி பாம்பனுக்கு அருகே சின்னப்பாலத்தில் பிறந்தவள். பதினான்கு வயதிலிருந்து மற்றப் பெண்களோடு கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் அடிவரை போய், இரண்டு கையும் நிறையப் பறித்துக்கொண்டு மேலே வருவாள். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. ஆறு மாதமாக யாமினியிடம் சிலிண்டர் கட்டி மூழ்கக் கற்றுக்கொண்டு அவளுக்கே உதவியாளராக இருக்கிறாள். தங்கூசியை வெட்டும் வேலையை அவளிடம் கொடுத்ததற்குக் காரணம் அந்தக் கைகள்தான். பாறைக்கு வலிக்காமல் பாசியை மட்டும் கிள்ளத் தெரிந்த கைகள்!

“துரத்தக் கூடாது. உடம்பைத் தொடக் கூடாது. மூச்சை அடக்கவே கூடாது” என்றாள் யாமினி. “மூணாவது ரொம்ப முக்கியம், ஜோதி.”

“தெரியும்க்கா.”

நூறு முறை கேட்டதை நூற்றியோராவது முறை கேட்பவர்கள் சொல்கிற ‘தெரியும்’ அது.

பத்து மணிக்கு இருவரும் நீரில் இறங்கினார்கள்.

பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒட்டகத்தின் திமில் போல ஒரு பாறை. அதன் மேல் விரல் அளவு நீல மீன்கள் கூட்டமாகத் திரியும். பெரிய திருக்கைகள் அங்கே வந்து அசையாமல் நிற்க, அந்தச் சின்ன மீன்கள் அவற்றின் உடம்பில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைத் தின்று சுத்தம் செய்யும். கருணாகரன் அதைப் ‘பார்லர்’ என்பான். பாறையிலிருந்து சற்றுத் தள்ளி மணலில் மண்டியிட்டு இருவரும் காத்திருந்தார்கள். பத்து நிமிடம். இருபது நிமிடம்.

வந்தாள்!

முதலில் நீலத்துக்குள் ஒரு நிழல் தெரிந்தது. பிறகு அந்த நிழலுக்கு இரண்டு பக்கமும் சிறகு முளைத்தது. ஒரு முறை சிறகை அசைத்துவிட்டு, பந்தல் துணி காற்றில் மிதப்பது போல நாகஜோதியின் தலைக்கு மேல் வந்து நின்றது திருக்கை. வெள்ளை வயிறு. அதில் கறுப்புப் புள்ளிகள். இடது கொம்பில் தங்கூசி மூன்று சுற்று, சதைக்குள் இறங்கியிருந்தது. அதில் தொங்கியது ஆரஞ்சு நிறக் கருவி. கை நீட்டினால் எட்டிவிடும்.

நாகஜோதி மூச்சை அடக்கினாள்.

யோசித்துச் செய்யவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம் செய்தது. அடியில் குமிழி விடுகிறவள் பாதிப் பாசியோடு மேலே வந்துவிடுவாள் என்றுதான் சின்னப்பாலத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். போதாததற்கு, குமிழிச் சத்தத்தில் திருக்கை மிரண்டு ஓடிவிடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. காற்றை நெஞ்சு நிறைய இழுத்து அப்படியே நிறுத்திக்கொண்டு கையை உயர்த்தினாள்.

காற்று நிறைந்த நெஞ்சு அவளைப் பலூன் போலத் தூக்கியது. முழங்கால் மணலை விட்டுக் கிளம்பியது. அவள் கவனமெல்லாம் கருவி மேல் இருந்தது, மேலே போவது தெரியவில்லை.

யாமினி பாய்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக் கீழே இழுத்து, வயிற்றில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அடக்கிய மூச்சு மொத்தமும் குபீரென்று வெளியேறியது. அந்தக் களேபரத்தில் திருக்கை ஒரே உதறலில் சரிந்து ஆழத்துக்குள் மறைந்தது.

படகில் ஏறியதும் யாமினி முகமூடியைக் கழற்றி எறிந்தாள்.

“சாகப் பார்த்தியே ஜோதி! நீ பாசி எடுக்கப் போனப்ப மேல இழுத்த காத்தையே அடியில வெச்சிருந்த. மேல வந்தா அது பழைய அளவுக்குத்தான் வரும். இங்க நீ அடியிலேயே காத்தை இழுக்கற. அதை அடக்கிட்டு மேல வந்தா உள்ளேயே விரியும். நுரையீரல் கிழிஞ்சிடும். ரெண்டு மீட்டர் ஏறினாலே போதும்!”

“நான் குமிழி விட்டா ஓடிருவாளோன்னு...”

“அவ ஓடட்டும்! நீ இருக்கணும்ல?”

நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு முழம்தான் ஏறியிருந்தாள். நெஞ்சில் வலி இல்லை, இருமல் இல்லை. ஆனால் கருணாகரனை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன், ஒரு வார்த்தை பேசாமல் அவள் தோளிலிருந்து சிலிண்டர் வாரைக் கழற்றினான். துண்டால் தலையைத் துவட்டினான். பிறகு இன்ஜின் பக்கம் போய் நின்றான்.

“கிளம்பலாம் மேடம். போதும்.”

“மச்சான்...”

“போதும்னு சொன்னேன். வரைபடமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.”

“அது இல்லாமப் போனா அக்கா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இன்னொரு திருக்கை, இன்னொரு வருஷம். இவளுக்குக் கொம்பும் போயிரும். தங்கூசி சதையை அறுத்துக்கிட்டே போகுது, நான் கண்ணால பார்த்தேன். என் தப்பாலதான் அவ ஓடினா. நானே சரிபண்றேன்.”

“செத்துக் கித்துப் போனா யாரு சரிபண்றது? நானா?”

நாகஜோதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அலை படகை ஆட்டியது.

யாமினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “ஒன்றரை மணி நேரம் பார்ப்போம். சின்னதா ஒரு இருமல் வந்தாலும் நேரா ஆஸ்பத்திரிதான். இல்லைன்னா, ஒரு நிபந்தனை. இறங்கினதுலேருந்து ஏறுற வரைக்கும், மூச்சை உள்ளே இழுக்கற நேரம் தவிர, நீ ‘ம்ம்ம்’னு முனகிட்டே இருக்கணும். முனகல் நின்னா அடுத்த நிமிஷம் மேல வந்துடுவோம். முனகிட்டே யாராலயும் மூச்சை அடக்க முடியாது.”

கருணாகரன் மனைவியைப் பார்த்தான். அவளுடைய பிடிவாதம் அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் கட்டிக்கொண்டான்.

“வீட்டுல இவ பாட்டைக் கேட்டுப் பூனையே ஓடுது மேடம். திருக்கை மட்டும் நிக்குமா?” என்றான். கேலி திரும்பிவிட்டது. நாகஜோதிக்கு மூச்சு வந்தது.

பன்னிரண்டரைக்கு மீண்டும் இறங்கினார்கள். காற்று வலுத்திருந்தது. அடியிலும் தண்ணீர் கலங்கலாக இருந்தது.

நாகஜோதி முனகினாள். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. மாவு மில் ஓடுவது போல ஒரு சத்தம். ஒவ்வொரு முனகலுக்கும் வெள்ளிக் குமிழிகள் சரம் சரமாகத் தலைக்கு மேல் கிளம்பின. இந்த லட்சணத்தில் எந்தத் திருக்கை வரும் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. பதினைந்து நிமிடம் ஆனது. சிலிண்டரில் காற்று பாதிக்கு வந்துவிட்டது.

நிழல் தெரிந்தது!

சம்பந்தியம்மா பாறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். நீல மீன்கள் காத்திருந்த திமில் பக்கம் போகவில்லை. நேராக நாகஜோதியின் தலைக்கு மேல் வந்து, அந்தக் குமிழிச் சரத்தின் மேல் தன் வெள்ளை வயிற்றைக் காட்டி நின்றாள்! குமிழிகள் வயிற்றில் மோதிச் சிதறி ஓரங்களில் வழிந்தன. சிறகின் நுனி லேசாகச் சிலிர்த்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது!

நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பிலும் குமிழி கிளம்பியது.

ம்ம்ம். மஞ்சள் பிடி போட்ட சின்னக் கொக்கிக் கத்தியை எடுத்தாள். ம்ம்ம். இடது கையால் தங்கூசியை மட்டும் இரண்டு விரலில் பற்றினாள். இழுக்கவில்லை. பாசியை இழுத்தால் பாறை பெயரும், நரம்பை இழுத்தால் சதை கிழியும். ம்ம்ம். முதல் சுற்று அறுந்தது. திருக்கை அசையவில்லை. இரண்டாவது சுற்று. அந்தப் பெரிய கண் பக்கவாட்டில் திரும்பி அவளைப் பார்த்தது. ம்ம்ம். மூன்றாவது சுற்று சதைக்குள் புதைந்திருந்தது. கத்தியின் கொக்கியை மெல்ல உள்ளே நுழைத்து, வெளிப்பக்கமாக ஒரு வெட்டு.

நரம்பு தளர்ந்து விழுந்தது. சுருண்டிருந்த கொம்பு மெதுவாக விரிந்தது.

அதே கணத்தில் ஆரஞ்சுக் கருவி அவள் விரலிடுக்கில் நழுவி விர்ரென்று மேலே கிளம்பியது! மிதப்பதற்காகவே செய்த பொருள் அது. கண் முன்னாலேயே புதையல் ஓடுகிறது! அவள் கால்கள் தாமாக உதைக்கத் தயாராயின. நாலு உதை உதைத்தால் பிடித்துவிடலாம்.

உதைக்கவில்லை. மணலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, முனகிக்கொண்டே இருந்தாள். யாமினி கட்டை விரலை உயர்த்தினாள்: மேலே போகலாம், மெதுவாக.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். உடம்புக்குள் சேர்ந்த வாயு வெளியேற அந்த நேரம் தேவை. நாகஜோதி வாழ்நாளில் அவ்வளவு நீண்ட மூன்று நிமிடத்தைப் பார்த்ததில்லை. தலைக்கு மேலே அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அதில் விரல் நீளப் பொருளை யார் கண்டுபிடிப்பது? படகின் அடிப்பாகம் நகர்வது தெரிந்தது. அவர்களை விட்டு விலகிப் போனது. சுற்றியது. நின்றது. மறுபடியும் போனது.

மேலே தலையை நீட்டியதும் வாயிலிருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டு நாகஜோதி கத்தினாள். “மச்சான்! மேல ஏதாச்சும் வந்துச்சா?”

நாற்பது அடி தள்ளிப் படகில் கருணாகரன் மண்டியிட்டிருந்தான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். தண்ணீர் இறைக்கும் வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தான்.

“வந்துச்சா இல்லையான்னு சொல்லுங்களேன்!”

“உன் குமிழியைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன், புள்ள. அதுக்கு நடுவுல ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஒண்ணு துள்ளிக்கிட்டு வந்துச்சு. மூணு தடவை கோரினேன். ரெண்டு தடவை தவறிருச்சு!” அவன் வாளியைச் சாய்த்துக் காட்டினான். அடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீரும், அறுந்த தங்கூசித் துண்டும், அந்தக் கருவியும் கிடந்தன.

யாமினி அலையிலேயே மல்லாந்து படுத்து உரக்கச் சிரித்தாள். பிறகு அழுதாள். உப்பு நீரில் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே படகு கிளம்பிவிட்டது. மழை பின்னால் துரத்திக்கொண்டே வந்தது. துறையில் இறங்கியதும் மூவரும் ஈரத் துணியோடு யாமினியின் அறைக்கு ஓடினார்கள். கருவியை மடிக்கணினியில் இணைத்தாள். பதினோரு மாதக் கடல் ஒரு நீலக் கோடாகத் திரையில் விரிந்தது. தீவுக்கு மேற்கே ஆழ்கடலில் சுற்றிச் சுற்றி வந்திருந்தாள் சம்பந்தியம்மா. சில நாட்கள் நானூறு மீட்டர் ஆழம் வரை போயிருந்தாள். “யாருமே பார்க்காத இடம்” என்று யாமினி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

நாகஜோதி கோட்டின் கடைசி நாளைக் காட்டச் சொன்னாள். காலை பத்தரை மணியளவில் கோடு சட்டென்று செங்குத்தாகக் கீழே விழுந்திருந்தது.

“இது நான் மூச்சை அடக்கினப்ப, இல்லக்கா?”

“ஆமா.”

பிற்பகலில் பத்து மீட்டர் ஆழத்தில் கோடு துளிகூட ஏறாமல் இறங்காமல் நேராக நின்றது. ஆறு நிமிடம். பிறகு ஒரே பாய்ச்சலாக மேலே.

“இது மூச்சு விட்டப்ப” என்றாள் நாகஜோதி.

பெரிய உயிருக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் தான் அங்கே இல்லாதது போல ஒடுங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் பாட்டுக்கு மூச்சு விட்டிருந்தாலே போதும்.