சத்தம் கூடினால் அணையும் டிவி

மட்டாஞ்சேரி கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்த லைன் வீடுகளுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம்தான். ஆனால் மழை மேகம் கவிந்து விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டிக் கிடந்தது. சுக்கு மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் காரம் மூக்கில் ஏறித் தும்மினேன். ஸ்கூட்டர் நிறுத்தலாம் என்று பார்த்த இடத்தில் ஒரு ஆடு படுத்துக்கொண்டு என்னை முறைத்தது. நானும் முறைத்தேன். எனக்கு அப்படித்தான், எதைப் பார்த்தாலும் முதலில் கோபம் வந்துவிடும்.

என் பெயர் விக்கி. டிவி ரிப்பேர் பார்க்கிற சர்வீஸ் ஆள். தமிழ்க்காரர் வீட்டுப் புகார் என்றால் ஆபீஸில் என் தலையில்தான் கட்டுவார்கள். இந்த வீட்டுக்கு எனக்கு முன்னால் எங்கள் ஆபீஸ் அஜீஷ் போய் மெயின் போர்டையே மாற்றிவிட்டு வந்திருந்தான். அப்புறமும் ஸ்மார்ட் டிவி தானாக அணைகிறதாம். இனி அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். வேலை தெரியாதவன் சொல்கிற சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையில் வீட்டிலும் தகராறு. அஞ்சுவுக்கும் எனக்கும் கல்யாணமான நாளிலிருந்து வாய்ச்சண்டைக்குக் குறைவில்லை. சண்டை முற்றினால் நான் முதலில் செய்கிற காரியம் டிவி சத்தத்தைக் கூட்டுவது. ஃபிளாட் அல்லவா, பக்கத்து வீட்டுக்காரன் காதில் விழக்கூடாதே. அன்றும் கூட்டிவிட்டு, ஒரு தட்டையும் விட்டெறிந்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

கதவைத் திறந்தவர் தங்கதுரை. கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. தென்காசிப் பக்கத்துக்காரர். தூண் மாதிரி கை. ஆனால் பேச்சில் தேன் ஒழுகியது.

"வாங்க தம்பி. இந்தச் சனியனைச் சரி பண்ணிக் குடுங்க. நிம்மதியா ஒரு படம் பார்க்க முடியலை."

உள்ளறை வாசலில் அவர் மனைவி சங்கரி தரையில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயது. நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்தியிருந்தாள். வெயிலில்லாத அந்த நாளிலும் முகத்தில் வியர்வை. துண்டு விலகியபோது தோளில் கன்றிப்போன தடம் தெரிந்தது. அவள் உடனே இழுத்து மூடிக்கொண்டாள். நான் டிவி பார்க்க வந்தவன், டிவியைப் பார்த்தேன்.

வயர், பிளக், ஸ்லீப் டைமர், சூடு, சாஃப்ட்வேர் எல்லாம் சரியாக இருந்தது. டிவி பாட்டுக்கு ஓடியது.

"சும்மா ஓடும் தம்பி," என்றார் தங்கதுரை. "சத்தத்தைக் கூட்டிப் பாருங்க. அப்பத்தான் வேலையைக் காட்டும்."

கூட்டினேன். சினிமாச் சண்டை ஒன்று அறையை உலுக்கியது. டிவிக்கு அடியில் இருக்கும் சின்ன விளக்கு ஒருமுறை கண்ணடித்தது. திரை அணைந்தது.

ரிமோட்டில் யாராவது பொத்தானை அமுக்கினால்தான் அந்த விளக்கு கண்ணடிக்கும். ஆனால் ரிமோட் என் கையில் இருந்தது, நான் எதையும் அமுக்கவில்லை. அதிலிருந்த பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, டிவியின் அடியில் உள்ள பொத்தானால் மறுபடி சத்தத்தைக் கூட்டினேன்.

விளக்கு கண்ணடித்தது.

அணைந்தது.

கறுத்துப்போன திரையில் அறை அப்படியே நிழலாகத் தெரிந்தது. முன்னால் நான். எனக்குப் பின்னால் தங்கதுரை. வாசலில் சங்கரி.

சங்கரிக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்.

முழங்கை வரைக்கும் வெள்ளைக் கை. மடியில் வைத்திருந்தாள்.

திரும்பினேன். சங்கரி மட்டும்தான் இருந்தாள். ஆனால் அவள் வாசல்படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள், யாருக்கோ இடம் விட்டதுபோல. ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. பழைய வீடு, மழையில் சுவர் ஊறியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தங்கதுரைக்கு ஏதோ போன் வந்து வெளியே போனார். சங்கரி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, சரி பண்ணிடாதீங்க."

"என்னது?"

"ரிப்பேர் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தொழிலில் இதை எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன்! புருஷன் புது டிவி வாங்கித் தரமாட்டான். அதனால் பழசு தேறாது என்று மெக்கானிக் வாயால் சொல்லவைக்க வேண்டும். சில சேச்சிமார் இதற்காகவே சாயாவோடு பழம்பொரியும் வைப்பார்கள். ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனால் என் பெயர் அல்லவா கெடும்? அஜீஷ் வேறு சிரிப்பான்.

"அதெல்லாம் என்கிட்ட நடக்காது சேச்சி. பெரிய டிவி வேணும்னா அவர்கிட்டயே நேரா கேளுங்க," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த லைனில் வீட்டுக்கு வீடு உள்ள நடுச்சுவர் ஓடு வரைக்கும் எட்டாது. மேலே இடைவெளி. பக்கத்து வீட்டு ரிமோட் வெளிச்சம் அதன் வழியாக வந்து பட்டு டிவியை அணைக்கிறது என்று முடிவு கட்டினேன். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி, ரிமோட் சிக்னலை வாங்குகிற கண் மேல் அழுத்தி ஒட்டினேன். இனி எந்த ரிமோட்டும் வேலை செய்யாது. திரும்பி வந்த தங்கதுரையின் போனிலேயே ஆப் ஏற்றிக் கொடுத்தேன், அதில் கூட்டலாம், குறைக்கலாம்.

அவர் சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டிப் பார்த்தார். ஓடு அதிர்ந்தது. சின்ன விளக்கு கண்ணடிக்கவில்லை. டிவி அணையவில்லை.

தங்கதுரை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். புகாரை முடிக்க ஓடிபி கேட்டதும் சொன்னார். தோளில் தட்டி வழியனுப்பினார். வாசலைத் தாண்டும்போது பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

பக்கத்து வீட்டு ஓமனா சேச்சி மழைக்குத் துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"டிவி நேரே ஆச்சா மோனே?"

"ஆச்சு சேச்சி. இனி அணையவே அணையாது."

அவள் கையிலிருந்த துணியெல்லாம் சேற்றில் விழுந்தது.

"என்ட தெய்வமே! என்ன பணிடா செஞ்சே நீ?"

என் கையைப் பிடித்துத் தன் வராந்தாவுக்கு இழுத்தாள். மூச்சு வாங்கச் சொன்னாள். தங்கதுரையின் மூத்த மனைவி ரோஜா. கிட்டங்கியில் சுக்கைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுக்கிற வேலை. எவ்வளவு கழுவினாலும் கையில் வெள்ளை போகாது. இந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் பெண் அலறினாலும் எல்லாரும் போய்க் கதவை இடிப்பார்கள். சாதி மதம் கிடையாது, சோற்றுக் கையோடு ஓடுவார்கள்.

"கேட்டாத்தானே மோனே ஓட முடியும்? அன்னைக்கு கிரிக்கெட் ஃபைனல். எல்லா வீட்டுலயும் டிவி அலறுது. அவன் வீட்டுல கொஞ்சம் அதிகமா அலறுச்சு. நாங்க மேட்ச்சுன்னு நெனச்சோம். நானே இங்க உக்காந்து கைதட்டிட்டு இருந்தேன். மேட்ச் முடிஞ்சு போய்ப் பார்த்தா ரோஜா தலை பொளந்து கிடக்கா. குளிமுறியில வழுக்கி விழுந்தான்னு சொல்லிட்டான்."

"சங்கரி?"

"அவளைக் கட்டிட்டு வந்தப்புறமும் அதே கதைதான். மொதல்ல டிவி சத்தம் கூடும். ஆனா இப்போ அது தானா அணையும். அணைஞ்ச உடனே அந்தக் கொச்சுப் பொண்ணு அலறுறது கேக்கும், நாங்க ஓடிப்போய் இடிப்போம், அவன் கையை எறக்கிருவான். அந்த டிவி அணையுறதாலதான் அவ உயிரோட இருக்கா."

டிவி சத்தத்தை எதற்குக் கூட்டுவார்கள் என்று எனக்கா தெரியாது? வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த வீட்டில் டிவி அலற ஆரம்பித்தது.

ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கையாலும் காலாலும் இடித்தேன். சினிமாச் சண்டையின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. காதைக் கதவில் வைத்தேன். டிவியில் விழுகிற அடிக்கும் நிஜமாக விழுகிற அடிக்கும் வித்தியாசம் தெரியும். நிஜமானது கனமாக, ஈரமாக விழும்.

தொம்.

தொம்.

நடுவில் ஒரு சின்ன விசும்பல். அப்புறம் அதுவும் இல்லை.

"சேச்சி! ஆளைக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன். லைன் முழுக்க ஆட்கள் இறங்கி ஓடிவந்து கதவை இடித்தார்கள். எனக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. வராந்தாவில்தான் மீட்டர் பெட்டி. மூடியைப் பிய்த்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். கதவுக்கு மேலே தெரிந்த விளக்கு வெளிச்சம் அணைந்தது.

டிவி அணையவில்லை.

கரண்டு இல்லாத வீட்டில் டிவி அலறியது.

சத்தம் இன்னும் கூடியது.

எந்த டிவிக்கும் இல்லாத சத்தம் அது. ஓடுகள் கடகடத்தன. ஆடு கத்திக்கொண்டு ஓடியது. அந்த இரைச்சலுக்கு அடியில் மறுபடி அந்த அடி விழ ஆரம்பித்தது. இந்த முறை நிதானமாக. எலும்பு முறிகிற சத்தம் பச்சை விறகை மிதித்தது போலக் கேட்டது. யாரோ அலறினார்கள். மறுபடி வந்து கதவில் காதை வைத்திருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும்.

ஆண் குரல்.

இடிப்பதற்கு ஓங்கிய என் கை அப்படியே நின்றது. பக்கத்தில் ஓமனா சேச்சியும் கையை இறக்கினாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. ஒவ்வொருவராக எல்லோரும் கையை இறக்கினார்கள். மழையில் நனைந்துகொண்டு நின்றோம்.

டிவி அணைந்தது.

அந்த அமைதியில் தாழ்ப்பாள் விலகியது. சங்கரி நின்றாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. உதடு வீங்கியிருந்தது. ஆனால் நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் தொடவே இல்லை அண்ணா," என்றாள் மெதுவாக. "ரோஜா அக்கா என்னை மூலையில போய் உக்காரச் சொன்னா. உக்காந்துட்டேன்."

தங்கதுரை டிவிக்கு நேர் கீழே கிடந்தார். வலது கை தோளிலிருந்து தப்பான பக்கம் திரும்பியிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் பின்பக்கமாக மடங்கிக் கிடந்தன. பின்மண்டை பிளந்து, ரத்தம் தரையோடு ஓடி என் செருப்பைத் தொட்டது. கழுத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக விரல் தடம். சுண்ணாம்பு.

நான் வெட்டி ஒட்டிய கறுப்பு டேப் அவர் உதட்டின் மேல் இருந்தது. அழுத்தி, ஓரம் தூக்காமல், நான் ஒட்டுகிற மாதிரியே ஒட்டியிருந்தது.

போலீஸ் வந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்ததை எல்லோரும் சொன்னார்கள். குச்சி போல மெலிந்த அந்தக் கையால் சங்கரி இதைச் செய்திருக்க முடியாது என்று இன்ஸ்பெக்டருக்கே தெரிந்தது. "அலறல் எதுவும் கேட்கலையா?" என்று ஓமனா சேச்சியிடம் கேட்டார்.

"டிவி சத்தத்துல ஒண்ணும் கேட்டில்ல சாரே," என்றாள் அவள்.

லைன் முழுக்க அதையேதான் சொன்னது. நானும் சொன்னேன்.

சங்கரி இப்போது வைப்பின் தீவில் ஒரு சொந்தக்காரி வீட்டில் இருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. டேப் சுருளையும் அன்றே காயல் தண்ணீரில் வீசிவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் அஞ்சுவோடு மறுபடி தகராறு. மீன் குழம்பில் ஆரம்பித்து அவள் அம்மா வீட்டில் போய் நின்றது. அவள் ஒரு வார்த்தை விட்டாள். எனக்குத் தலைக்கு ஏறியது. ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். ரிமோட்டை வீசிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். கை ஓங்கியிருந்தது. நான் ஓங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

டிவியின் அடியில் சின்ன விளக்கு கண்ணடித்தது.

அணைந்தது.

பக்கத்து ஃபிளாட்டில் யாரோ எழுந்து வருகிற செருப்புச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. தரையில் கிடந்த ரிமோட்டின் மேல் வெள்ளையாக விரல் தடம். ஈரச் சுண்ணாம்பு வாசனை.

ஓங்கிய கையை நான் இறக்கவில்லை. இறக்க முடியவில்லை. குளிர்ந்த ஏதோ ஒன்று மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அஞ்சு அழுகையை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. சோபாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.