தொட்டிலிலிருந்து வந்த ‘உம்’

சாந்தம்மாள் ஒரு ‘உம்’தான் கொட்டினாள். கேட்டது இரண்டு.

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில் நாலு நாளாக அடைமழை. மலைமேல் காட்டுச் சனங்களின் குடியிலிருந்து தேன் விற்க வந்த அழகுமலை, சாயங்காலம் அவள் லயத்து வீட்டு வாசற்படியில் ஒதுங்கியிருந்தார். புருஷன் சங்கையா காய்ச்சலில் போய்ப் பதினேழு நாளாகியும் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. வீட்டில் ஒரு மனுஷக் குரல் கேட்டால் தேவலை என்றுதான், “ஒரு கதை சொல்லுங்கண்ணே” என்றாள்.

அவர் வாயில்லாத ஒன்றின் கதையை எடுத்தார். “இந்தக் கதைக்கு எங்க சனம் உம் கொட்டாது தாயி. கொட்டினா அது கிட்ட வந்து உக்காந்துக்கும்” என்று முதலிலேயே சொல்லியும் இருந்தார். லயத்துக்காரிக்கு உம் கொட்டாமல் கதை கேட்கத் தெரியுமா? நாக்கு அதுபாட்டுக்குக் கொட்டிவிட்டது.

இரண்டாவது ‘உம்’ தொட்டிலிலிருந்து வந்தது. உள்ளே ஏழு மாதப் பிள்ளை. குரல் கிழட்டுக் குரல்.

அழகுமலை பாதியில் நிறுத்தினார்.

“பேச்சு வராத வாயாப் பாத்துப் புடிச்சிருச்சு. நான் நிறுத்திட்டேன், இனி என் சொல்லு எடுபடாது. நீ சொல்லு தாயி. மழை விட்டா அது காட்டுக்குப் போயிரும். அதுவரைக்கும் கதை நிக்கக்கூடாது. நின்னா அது சொல்ல ஆரம்பிச்சிரும். அப்புறம் பிள்ளை உனக்கில்ல.”

தேன் பாட்டிலைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி ஓடினார்.

சாந்தம்மாள் சொன்னாள். தகரக் கூரை அதிர, ஈர விறகின் புகையும் பால் புளித்த வாடையும் மூக்கில் ஏற, போடிமெட்டு ஏறி வந்த கதை, கல்யாணக் கதை, கொழுந்து கிள்ளிய முதல் நாள் அட்டை கடித்த கதை, எல்லாவற்றையும் இழுத்து இழுத்துச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் தொட்டில் ‘உம்’ என்றது. சங்கையாவின் சாவைச் சொன்னபோது கொஞ்சம் ரசித்துக் கொட்டியது. அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மழை குறைந்தது. தூறலானது. இன்னும் கொஞ்சம்தான்.

தொண்டை எரிந்தது. சொல் உடைந்தது. காற்றுதான் வந்தது.

கூரையில் துளிகள். இன்னும் விடவில்லை.

தொட்டில் ஆடாமல் நின்றது.

“ஒரு ஊர்ல,” என்றது பிள்ளை, “ஒரு அம்மா இருந்தா. அவளுக்குக் குரல் போயிருச்சு.”

சாந்தம்மாள் கதற வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பல் முளைக்காத வாய் அவளைப் பார்த்துச் சிரித்தபடி, அவசரமில்லாமல், மேலே சொல்லிக்கொண்டு போனது.