வில்லையைச் சுற்றி

ஆய்வகத்து இன்குபேட்டரைத் திறந்ததும் அவளுக்குப் பழகிப்போன பூஞ்சை வாடை வரவில்லை. தம்பி வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போடும்போது அடிக்கிற ஈரச் சுண்ணாம்பு நாற்றம் வந்தது. பழைய கட்டடங்களை இடிப்பவன் அவன். போன மாதம் ஈரம் ஊறிய ஒரு கிடங்கை இடித்து, அந்தத் தூசியையெல்லாம் நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்டு, இப்போது மேல்மாடி வார்டில் படுத்திருக்கிறான்.

அவன் சளியில் இருந்த பூஞ்சையைத்தான் அவள் பிளேட்டில் பரப்பி, நடுவில் மருந்து வில்லையை வைத்திருந்தாள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி எதுவும் வளராமல் வெற்று வட்டம் விழும். நேற்று அப்படித்தான் விழுந்திருந்தது. பாக்டீரியா என்றால் மறுநாளே பார்த்து முடிவு சொல்லலாம். பூஞ்சை மெல்ல முளைப்பது, இன்னும் ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் புதிதாக வருகிறவர்களை வறுத்தெடுப்பவளே அவள்தான். ஆனால் தம்பி உடம்பு அனலாய்க் கொதித்தது. "ஏதாவது சொல்லும்மா, எதைத்தான் ஏத்துறது?" என்று டாக்டர் போனில் கத்தினார்.

"வேலை செய்யுது டாக்டர். ஆரம்பிச்சிடுங்க."

இன்று வட்டம் இல்லை. ஓரங்களில் நேற்று இருந்த வளர்ச்சியும் இல்லை. நக்கித் துடைத்தாற்போலக் கிடந்தது பிளேட். நடுவில் மட்டும், வில்லையை மூடி, வெள்ளையாய் ஒரு கொத்து.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"இதப் பாருங்கண்ணே."

எட்டிப் பார்த்தார். "உன் தம்பி வளத்த பூஞ்சையாச்சே, சோத்துச் சட்டிய விட்டு நகருமா?" சிரிப்பு பாதியில் நின்றது. "இது நகராதேம்மா. பூஞ்சை எங்க நகரும்?" கையை இழுத்துக்கொண்டார். "மருந்தைத் தேடி வந்திருக்கு. நிறுத்தச் சொல்லு. ஓடு."

வார்டுக்குப் போன் போட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பொழுது சாய்கிற நேரம். படிக்கட்டில் விளக்கு போடாமல் விட்டிருந்தார்கள். பினாயில் வாடையை மீறி அந்தச் சுண்ணாம்பு நாற்றம் ஒவ்வொரு திருப்பத்திலும் கூடிக்கொண்டே வர, சுவரில் கை படாமல் ஏறினாள்.

தம்பி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் சுத்தமா இல்லக்கா," என்றாள் நர்ஸ், சந்தோஷமாக. "இருமல்கூட நின்னுடுச்சு."

"டேய், டிரிப்ஸை நிறுத்தணும்டா."

"வேணாம்க்கா." குரல் மட்டும் வந்தது. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. "இப்பத்தான் நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் வேகமா விடச் சொல்லு."

டிரிப்ஸ் குழாயை அடைக்கும் உருளையை உருட்டினாள். இறுகவில்லை. உள்ளே ஏதோ மெத்தென்று தடுத்தது.

"சிஸ்டர், மருந்து மஞ்சள்தானே?"

"ஆமாக்கா. ஏன்?"

குழாய் வெள்ளையாக இருந்தது. ஊசி குத்திய இடத்திலிருந்து, பஞ்சாக, மேலே. சொட்டுகள் இறங்கவில்லை. வெள்ளைதான் ஏறியது. பாட்டிலுக்குள் போனது. மஞ்சள் வற்றியது. பாட்டில் உள்பக்கமாய் ஒட்டிச் சுருங்கியது.

நர்ஸ் கையிலிருந்த தட்டு விழுந்தது.

"தம்பி."

அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. கண் அவளை விட்டு நகரவில்லை.

கை நகர்ந்தது.

போர்வைக்கு மேல். கட்டில் கம்பியைத் தாண்டி. பக்கத்துக் கட்டிலை நோக்கி. அங்கே, தூங்குகிற கிழவரின் தலைக்கு மேல், அதே மஞ்சள் மருந்து பாட்டில் நிறையத் தொங்கியது.

விரல்கள் பாட்டிலுக்கு எட்டவில்லை. நகக்கண்களிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் புறப்பட்டு, காற்றே இல்லாத அந்த அறையில் ஆடி ஆடி, மிச்சத் தூரத்தைக் கடந்துகொண்டிருந்தன.