தவளைக்கு நம்பர் பிளேட் வேண்டும்

வியாழக்கிழமை காலை மிர்சினி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே அவர்கள் வீட்டுக் கார் நின்றது. பச்சை நிறம், உருண்டை விளக்குகள். அதனால் அதற்குத் தவளை என்று பெயர். ஆனால் இன்று தவளையின் முகத்தில் ஏதோ குறைந்தது. முன்னால் நம்பர் பிளேட்டைக் காணோம். மிர்சினி பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. திருகாணி போன ஓட்டைகள் மட்டும்தான் இருந்தன.

“அம்மா! நம்ம தவளையோட பல்ல யாரோ புடுங்கிட்டாங்க!”

அம்மா ஃபோதினி வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். கண்ணாடியில் ஒரு சீட்டு செருகியிருந்தது. நகராட்சிக் காவலர்கள் எழுதியது. இந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் மட்டுமே இங்கே வண்டி நிறுத்தலாம். இந்த வண்டியில் அனுமதி ஸ்டிக்கர் இல்லை. ஆகவே நம்பர் பிளேட்டுகள் கழற்றப்பட்டன.

“ஸ்டிக்கர் இல்லையா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து நாம இங்கதான் இருக்கோம். ஸ்டிக்கர் இதோ…” என்று கை நீட்டிய அம்மா பாதியில் நிறுத்தினாள்.

ஸ்டிக்கர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூவளையம் இருந்தது. பாப்பிப் பூ, டெய்சிப் பூ, நடுநடுவே பச்சை பார்லிக் கதிர்.

நேற்று மே முதல் நாள். ஊரே வயலுக்குப் போய்ப் பூப் பறித்து, வளையம் கட்டி, வாசல் கதவில் மாட்டியது. மிர்சினி தவளைக்கும் ஒன்று கட்டினாள். எங்கே மாட்டுவது என்று ரொம்ப நேரம் யோசித்துத்தான் கண்ணாடி துடைப்பானுக்கு அடியில் செருகினாள். ஆட்டிப் பார்த்தாள். ஊதிப் பார்த்தாள். படுக்கப் போகுமுன் ஒரு தடவை வந்து பார்த்தாள். விழுமா என்று மட்டும்தான் பார்த்தாள். எதை மறைக்கிறது என்று பார்க்கவில்லை.

“என்ன ஃபோதினி, தவளை மொட்டையா நிக்குது?” மேல் வீட்டு ஸீஸிஸ் மாமா பால்கனியிலிருந்து காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். “அடடா! அழகுபடுத்தினதுக்கு அபராதமா? ஏம்மா மிர்சினி, என் ஸ்கூட்டருக்கு மட்டும் நீ பூ வைக்காதே தாயே!”

மிர்சினிக்குக் காது சூடானது. எதிர் பால்கனியிலும் யாரோ சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்” என்றாள்.

ஸீஸிஸ் மாமாவின் சிரிப்பும் நின்றது.

அம்மாவின் தோழி ஆர்தெமிஸ் மலைமேல் ஒரு கிராமத்தில் இருந்தாள். அவளுடைய குழந்தைக்கு அம்மாதான் ஞானத்தாய். பெரிய மெழுகுவத்தி, எண்ணெய், வெள்ளைக் கவுன் எல்லாம் ஞானத்தாய்தான் கொண்டுபோக வேண்டும். பெயரைத் தேர்ந்தெடுப்பதும் அவள்தான். கோயிலில் பாதிரியார் கேட்கும்போதுதான் அந்தப் பெயர் முதல்முதலாக வெளியே வரும். அதுவரை குழந்தை வெறும் ‘பாப்பா’தான். அதற்குப் பல்கூட முளைத்துவிட்டது. இன்னும் பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் பேருந்தும் கிடையாது.

“என் ஸ்கூட்டர தரலாம். ஆனா ரெண்டு பேரும் அந்த ஆளுயர மெழுகுவத்தியும் எப்படி ஏறுவீங்க?” என்று தலையைச் சொறிந்தார் ஸீஸிஸ் மாமா.

“அபராதத்தக் கட்டினாலும் பிளேட்ட உடனே தர மாட்டாங்க. வாரக் கணக்கா வெச்சிருப்பாங்க. போய் முறையிட்டுத்தான் பாக்கணும்” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் நகராட்சிக் காவல் அலுவலகத்துக்குப் போனார்கள். வாசல் காவலாளி காட்டிய கதவைத் திறந்தார்கள். உள்ளே அகிசிலாவோஸ் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை. மேசையில் ஆறிப்போன காப்பி.

“உக்காருங்க. பேரு?”

“ஃபோதினி…” என்று அம்மா தொடங்கினாள்.

கதவு திறந்தது. நாயோடு ஓர் உயரமான ஆள். “நாய் லைசென்ஸ் இங்கதானே?”

“பக்கத்துக் கதவு! வெளிய போர்டு இருக்கே, பாக்கலியா?” என்று சீறினார் அதிகாரி. பிறகு அம்மாவிடம் திரும்பினார். “ம்… எங்க விட்டேன்? பேரு?”

“ஃபோதினி. எங்க வண்டியில ஸ்டிக்கர்…”

கதவு திறந்தது. ஓர் அம்மாள். “தொலஞ்சுபோன குடைய இங்கதான் குடுப்பாங்களாமே?”

“பக்கத்துக் கதவு! போர்ட பாருங்கம்மா!” அதிகாரி மூச்சு வாங்கினார். “எங்க விட்டேன்? பேரு?”

அம்மா தன் பெயரை நாலாவது தடவை சொன்னபோது அது அவளுக்கே புதிதாகக் கேட்டது.

ஒருவழியாக அதிகாரி கணினியைத் திருப்பி, காவலர் எடுத்த படத்தைக் காட்டினார். படம் முழுக்கப் பூ.

“உங்ககிட்ட ஸ்டிக்கர் இருக்கறது உண்மைதான். ஆனா கண்ணுக்குத் தெரியணுமில்ல? தெரியலன்னா இல்லாத மாதிரிதான். சட்டம் அப்படி.”

“ஐயா, பூ வெச்சது நான்தான். அம்மா இல்ல” என்றாள் மிர்சினி.

“யாரு வெச்சா என்ன பாப்பா…”

கதவு திறந்தது. “கல்யாணத்தப் பதிவு பண்ண…”

“போர்டு! போர்டு! போர்டு!” என்று கத்தினார் அதிகாரி. “இந்த ஊர்ல எவனுக்குமே படிக்கத் தெரியாதா?”

மிர்சினி யோசித்தாள். ஒருத்தர் படிக்காமல் வரலாம். இரண்டு பேர் வரலாம். எல்லாருமா படிக்காமல் வருவார்கள்? அவள் மெதுவாக எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கதவில் ஒரு பூவளையம். பெரியது, கொஞ்சம் கோணலானது. அதன் பின்னால் பித்தளை போர்டின் ஓரம் மட்டும் மினுங்கியது.

மிர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே உள்ளே ஓடி, “உங்களுதும் மறைக்குது!” என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கதவுப் பிடியில் கைகூட வைத்துவிட்டாள்.

நாய்க்காரர், குடைக்கார அம்மாள், கல்யாணப் பதிவுக்காரர் எல்லாரும் போர்டைத் தேடிக்கொண்டு இன்னும் அங்கேயே நின்றார்கள்; பின்னால் ஒரு வரிசை வேறு. எல்லாரும் சிரிப்பார்கள். அவருடைய காதும் சூடாகும். பால்கனிகள் சிரித்தபோது எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கையை எடுத்துவிட்டாள். கதவுக்கு மேலே, நிலையில், ஒரு காலி ஆணி இருந்தது. நாய்க்காரரிடம் போனாள்.

“மாமா, உங்களுக்குக் கை எட்டும். இந்த வளையத்த எடுத்து அந்த ஆணியில மாட்டிவிடறீங்களா?”

அவர் மாட்டினார். நாய் கீழே விழுந்த டெய்சி ஒன்றைத் தின்றது. மிர்சினி தள்ளி நின்று பார்த்தாள். கிட்டே வந்தும் பார்த்தாள். போர்டு முழுசாகத் தெரிந்தது: ‘வண்டி அபராத முறையீடு மட்டும். மற்றவற்றுக்கு அடுத்த கதவு.’ குடைக்கார அம்மாள் அதைச் சத்தமாகப் படித்தாள். “அட, ஆமா!” என்று அடுத்த கதவுக்குப் போனாள். கல்யாணப் பதிவுக்காரரும் போனார்.

உள்ளே அதிகாரி காப்பியை எடுத்தார். கதவைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

“என்ன இது? யாருமே வரல?”

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். போர்டைப் பார்த்தார். ஆணியில் ஆடிய வளையத்தைப் பார்த்தார். அவர் மீசை ஒரு பக்கமாக நெளிந்தது.

“இத யாரு இங்க மாத்தினது?”

“இந்தப் பொண்ணுதான்” என்று நாய்க்காரர் போட்டுக் கொடுத்தார்.

“இங்க இருந்தா போர்டு தெரியல ஐயா. அதான்…” மிர்சினியின் குரல் சுருங்கியது. “தப்பா?”

அதிகாரி அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“அந்த வளையம் நான் கட்டினது. கோணலா இருக்குன்னு என் சம்சாரம் அப்பவே சொன்னா” என்றார் மெதுவாக. “காலையிலேர்ந்து ஊரையே திட்டிக்கிட்டிருக்கேன். உள்ள வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே? உங்க வழக்குக்கு நல்ல சாக்காச்சே!”

“எல்லார் முன்னாடியும் சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்குமில்ல?”

அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்துக்குக் கிட்டே மூக்கை வைத்தார்.

“இந்தப் பாப்பிக்கும் அந்த டெய்சிக்கும் நடுவுல நீலமா ஏதோ தெரியுதே?”

“ஸ்டிக்கரோட மூலை!” அம்மாவும் மிர்சினியும் சேர்ந்து சொன்னார்கள்.

“கடைசி ரெண்டு நம்பரும் தெரியுது” என்றார் அதிகாரி. பேனாவை எடுத்து, தானே வாசித்துக்கொண்டு எழுதினார். “ஸ்டிக்கர்… உள்ளது. கொஞ்சம்… சிரமப்பட்டுப் பார்த்தால்… தெரிகிறது. அபராதம் ரத்து.” முத்திரையை ஓங்கிக் குத்தினார். காப்பிக் கோப்பை குதித்தது.

பீரோவைத் திறந்தார். உள்ளே ஊரிலுள்ள எல்லாப் பல்லும் அடுக்கியிருந்தது. அவற்றிலிருந்து தவளையுடையதைத் தேடி எடுத்தார்.

“இனிமே வளையத்த எங்க மாட்டுவே?”

“நேத்தே முன்பக்கக் கம்பியில கட்டிட்டேன் ஐயா. நம்பர மறைக்காம, விளக்க மறைக்காம. மூணு தடவ பாத்தேன்.” மிர்சினி சற்றுத் தயங்கினாள். “ஆனா நம்பரே இல்லாததால அது சரியான்னு தெரியல.”

அதிகாரி சிரித்த சிரிப்பில் அடுத்த கதவு திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவளை மலை ஏறியது. பின் இருக்கையில் மெழுகுவத்தி சாய்ந்து படுத்திருந்தது. வழியெல்லாம் மிர்சினி கேட்டுக்கொண்டே வந்தாள்.

“என்ன பேரும்மா? எனக்கு மட்டும் சொல்லு.”

“மாட்டேன்.”

“மொத எழுத்து?”

“சாலையப் பாக்க விடுடி!”

கோயில் முற்றத்தில் ஆர்தெமிஸ் தனியாக நின்றாள். அங்கே அதுதான் வழக்கம். குழந்தையின் அம்மா வெளியே நிற்பாள். பெயர் காதில் விழுந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து சொல்ல வேண்டும். உள்ளே பிள்ளைகள் எல்லாரும் ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராக நின்றார்கள். மிர்சினி ஷூ நாடாவை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

பாதிரியார் கேட்டார். அம்மா தலை நிமிர்ந்து சொன்னாள்.

பிள்ளைகள் பறந்தார்கள். மிர்சினி படிகளைத் தாண்டினாள், முற்றத்தைத் தாண்டினாள், எல்லாருக்கும் முன்னால் ஆர்தெமிஸ்மேல் போய் மோதினாள். ஆனால் வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. வெறும் மூச்சுதான் வந்தது.

ஆர்தெமிஸ் அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். “மெதுவா கண்ணு. இத்தன மாசம் பொறுத்துட்டேன். ஒரு மூச்சு பொறுக்க மாட்டேனா?”

மிர்சினி நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“கலியோப்பி!”