வால் வைத்த வட்டம்

"பார்த்து வரக்கூடாதா..."

ஆய்வகப் படியில் மோதியவன் குடையை மடக்குவதற்குள், அவள் கையிலிருந்த படச்சுருள் ஈரத் தரையில் உருண்டு விரிந்துவிட்டது. புதன் கிரகத்தின் முகம்... விண்கற்கள் விழுந்து குண்டும் குழியுமான முகம். நான்கு வருஷமாக அந்தக் குழிகளை வட்டமிட்டு எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. இன்று மதியம் அந்த வேலை போய்விட்டது. அழக்கூடத் தெம்பில்லை.

ஒரே படத்தை இரண்டு பேர் எண்ண வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது என்பது அந்த ஆய்வகத்தின் விதி. மாதக் கடைசியில்தான் இருவரின் வட்டங்களும் ஒரே திரையில் சேரும். அந்த இன்னொரு ஆள் வட்டத்தை முடிக்கும் இடத்தில் சின்னக் கீற்று நீளும். அவள் அவருக்கு 'வால்' என்று பெயர் வைத்திருந்தாள். கணக்கு ஒத்துவராவிட்டால் மூத்தவர் கணக்கே நிற்கும். வால்தான் மூத்தவர்.

மழை சொட்டும் இமைகளோடு அவன் குனிந்தான். "நனைஞ்சிடுச்சே... இந்த ஒரு மேட்டையாவது காப்பாத்தலாம்."

ஈரத்தில் அவன் விரல் வட்டமிட்டது. முடிந்த இடத்தில் ஒரு வால்... இவன்தான் அந்த 'வால்'.

"தலைகீழாப் பார்க்கிறீங்க. வெளிச்சம் மேலேருந்து விழுற மாதிரி வச்சுப் பார்க்கணும். இல்லேன்னா பள்ளம் மேடாத் தெரியும்."

அவன் படத்தைத் திருப்பினான். மேடுகளெல்லாம் ஒரே நொடியில் அமிழ்ந்தன. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"போன மாசம் இதை நான் தலைகீழாத்தான்... அந்த இன்னொரு ஆள் நீங்களா? அப்போ உங்க கணக்குதான் சரியா?"

"உங்க கணக்கோட ஒத்துவரலைன்னுதான் வேலை போச்சு."

"சந்தேகம் வந்துச்சுங்க. பின்னாடி வந்தவங்க கணக்கை ஒத்துக்க வீம்பு விடல. இப்பவே மேலே போய்ச் சொல்லிடறேன்."

"என் நாற்காலியில வேற ஆள் உக்காந்தாச்சு. உங்க வேலையும் போகணுமா?"

"போகட்டும். மாசக் கடைசியில உங்க வட்டத்தைப் பார்க்கத்தான் நான் வேலைக்கே வந்தேன். யாரு இவங்கன்னு தவிச்சிருக்கேன்... உங்களைப் பிடிச்சிருக்குங்க."

இதைக் கேட்கத்தான் நான்கு வருஷம் ஏங்கினாள். இன்று கேட்டபோது வலித்தது.

"மறுபடி எண்ணச் சொல்லிக் கேக்க மூணு நாள் குடுத்தாங்க. நான் கேக்கல."

"ஏன்?"

ஈர வட்டத்தின் வாலை அவள் விரலால் தொட்டாள்.

"இது தப்புப் பண்ணாதுன்னு நம்பினேன்... என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்தது."