எழுந்ததாகக் கருதப்படும் வீடு

மாதத்தின் முதல் செவ்வாய், காலை பத்து மணி. ஏரிவாசல் நகர் மூன்றாவது தெருவின் முப்பத்தோரு வீடுகளும் முனகிக்கொண்டே எட்டடி உயரம் எழுந்து, கால் மணி நேரம் நின்று, மறுபடி உட்கார்ந்தன. அடுப்பிலிருந்த சாம்பார்கூடத் தளும்பவில்லை.

தாழ்நிலக் கட்டட விதி அப்படி. பழைய ஏரிக்குள் வீடு கட்டினால் நான்கு எழுகால்கள் வைத்தே கட்ட வேண்டும். வெள்ளம் வந்தால் கால்கள் நீளும். வீடு மேலே போகும், தண்ணீர் அடியில் போகும். கால்களைத் தடுக்கும்படி ஒரு செங்கல் வைக்கக் கூடாது. இதைக் கண்காணிக்கும் இயந்திரத்துக்கு ‘அளவர்’ என்று பெயர். தெருவாசிகளுக்கு அது ‘அளவர் சார்’. அதிகாரம் பண்ணுவது எதுவானாலும் நமக்கு சார்தானே!

எழுப்பு நாளில் தெருவே குனிந்து அடுத்த வீட்டின் அடிவயிற்றைப் பார்க்கும். யார் வீட்டடியில் பழைய டயர், யார் வீட்டடியில் மாமியாரின் தையல் மிஷின் என்பது எல்லாருக்கும் அத்துப்படி. மரகதத்துக்கு மிகவும் பிடித்த வேலை அது, வினை அவள் வீட்டுக்கே வரும்வரை.

அவள் கணவர் புருஷோத்தமன் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மாற்று இடுப்பு வைத்தும் எழுந்து நடக்கவில்லை. வாஸ்து பார்க்க வந்த வேங்கடாசலு நொடியில் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

“கன்னி மூலை பாரமா, பூமியோட ஒட்டி இருக்கணும்மா. நீங்க மாசாமாசம் அதைத் தூக்கித் தூக்கி ஆட்டுறீங்க. வீட்டுக்காரர் இடுப்பு எப்படி நிக்கும்?”

செவ்வாய்க் கிரகத்தில் தக்காளி விளையும் காலம். ஆனாலும் கன்னி மூலை கன்னி மூலைதான். தென்மேற்கு எழுகாலைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றி, புருஷோத்தமன் படுத்திருந்த அறையை மண்ணோடு கட்டிப்போட்டார்கள். மற்ற மூன்று கால்கள் மட்டும் எழுந்தால் வீடு சாய்ந்துவிடும் என்று அவற்றையும் அணைத்துவைத்தார்கள்.

அடுத்த எழுப்பு நாளில் முப்பது வீடுகள் எழுந்தன. அளவர் மரகதத்தின் வாசலில் வந்து நின்றது.

“விதிமீறல். இடிக்க முப்பது நாள் அவகாசம்.”

“ஒரு வாய் காப்பி…” என்று ஆரம்பித்தவள், அது குடிக்காது என்பது ஞாபகம் வந்து நிறுத்தினாள்.

எதிர்வீட்டு ரெஜினாதான் தைரியம் சொன்னாள். “எதுக்குக்கா பயப்படுறீங்க? ஒரு மனு போட்டு வைங்க. எலெக்ஷனுக்கு முன்னாடி வரன்முறைத் திட்டம் எப்படியும் வரும். என்னைக்கு வராம இருந்துச்சு?”

“பார்த்துச் செய்யுங்க சார்” என்று அளவரிடம் மனுவை நீட்டினாள் மரகதம்.

திட்டம் வந்தது. அளவர், நூறு வருடக் கோப்புகளைப் படிக்கவைத்துப் பழக்கிய இயந்திரம். இடி என்று நோட்டீஸ் கொடுப்பது, மனு வாங்குவது, கட்டியதைக் கட்டியபடி ஒப்புக்கொள்வது. இதைத் தவிர வேறு வழக்கம் அதற்குத் தெரியாது. சான்றிதழை நீட்டியது: ‘இவ்வீடு எழுந்ததாகக் கருதப்படும்.’

மரகதம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். தெருவுக்கே வயிறெரிந்தது. ஆளுக்கொரு மூலையைப் பாரமாக்கிக்கொண்டு மனுவோடு கிளம்பினார்கள். மூன்றே வருடத்தில், நிஜமாக எழும் வீடு ரெஜினாவுடையது மட்டுமே. மற்றவை எல்லாம் எழுந்ததாகக் கருதப்பட்டன.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் மேட்டிலிருந்த இன்னொரு ஏரியின் கரை உடைந்தது. சோறு வடிக்கும் நேரத்துக்குள் தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டது. மரகதம் கணவரின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை.

“நீ மொட்டை மாடிக்கு ஏறிடு, மரகதம்.”

“வாயை மூடுங்க. உங்களை விட்டுட்டு அங்க என்ன, வத்தல் காயப்போடவா?”

மீட்புப் படகை அழைத்தாள். தேனொழுகும் குரல் வந்தது. “உங்கள் வீடு எட்டடி உயரத்தில் இருக்கிறது. கவலை வேண்டாம்.”

“ஐயோ, கட்டில் முழுகுது! வீடு எந்திரிக்கவே எந்திரிக்காது. அது சும்மா எழுதி வாங்கினது!”

“ஆட்சேபம் பதிவாகிறது. அளவர் வருகிறது.”

எட்டடி உயரத்திலிருந்து ரெஜினா “அக்கா! அக்கா!” என்று கதறிக்கொண்டு, சேலைகளை முடிந்து வீசினாள். முடிந்த சேலை பாதித் தெருவரைதான் எட்டியது.

அளவர் மிதந்து வந்தது. கையை நீட்டி அளந்தது. “அறைக்குள் தண்ணீர், மூன்றடி இரண்டங்குலம். விதிமீறல்.”

“ஆமா சார்! படகு வரச் சொல்லுங்க சார்!”

“தண்ணீர் வெளியேற முப்பது நாள் அவகாசம்.”

கணவரின் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே மரகதம் கத்தினாள். “முப்பது நிமிஷம் தாங்காது சார்… பார்த்துச் செய்யுங்க சார்!”

அந்த வார்த்தை அளவருக்கு நன்றாகத் தெரியும். நூறு வருடக் கோப்புகளில் அதைச் சொல்லாத மனுவே கிடையாது. உடனே அதன் மார்பில் பச்சை விளக்கு எரிந்தது. நனையாத நல்ல தாள் ஒன்று வெளியே வந்தது.

‘இவ்வீட்டார் இருவரும் மீட்கப்பட்டதாகக் கருதப்படுவர்.’

அடுத்த வீட்டிலிருந்து யாரோ “சார்! சார்!” என்று கூப்பிட்டார்கள். அளவர் அந்தப் பக்கம் மிதந்து போனது.